வெள்ளிக்கிழமை ஓட்டைகள்

காலை ஏழே கால் மணி ஷிஃப்ட், ஷெட்டில் ஆறு மிஷின், ஆறாவது மிஷினில் பூங்கோதை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் சொல்கிறேன். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருங்கள். முன் சீட்டுக்காரர் காது இந்தப் பக்கம் இருக்கிறது. தூங்குகிற மாதிரிதான் தெரியும். நம்பக் கூடாது.

நீங்கள் ஏறியதும் என் கழுத்தைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். தோல் உரிந்திருக்கிறது இல்லையா? வெயில் இல்லை. டிக் வெல்டிங் வெளிச்சம். சட்டையின் மேல் பொத்தானைப் போடாவிட்டால் ஒரே நாளில் உரித்துவிடும் என்பார்கள். மேல் பொத்தான் எனக்கு ஒத்துவராது, மூச்சு முட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷெட்டில் மற்ற நாலு பேர் கழுத்தும் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன்?

என் பேர் நாச்சிமுத்து. சென்னிமலையில் பதினாறு வருஷம் கேட்டு, கிரில், ஷட்டர் எல்லாம் செய்தவன். நானும் மச்சானும் பங்குப் பட்டறை வைத்திருந்தோம். அவன் என்னை ஏமாற்றுகிறான் என்று தெரிந்ததும் விலகி வந்துவிட்டேன். எதில் ஏமாற்றினான் என்று கேட்டால், அது இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏமாற்றாதவன், நான் உள்ளே நுழையும்போதெல்லாம் எதற்குப் பேச்சை நிறுத்த வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆடி மாசம் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பால் டேங்கும் பால் போகிற குழாயும் செய்கிற இடம். எல்லாம் எவர்சில்வர். அங்கே ஆர்க் வெல்டிங் கதை நடக்காது, டிக்தான். கற்றுத் தருகிறோம், மூன்று மாசம் பழகுங்கள், தீபாவளி முடிந்ததும் டெஸ்ட் என்றார்கள். இரண்டு குழாய்த் துண்டை ஜாயிண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். அதை நெடுக்காக அறுத்து உள்ளே பார்ப்பார்கள். பாஸானால் டிக் வெல்டர், குழாய் லைனில் வேலை. ஃபெயிலானால் பஃபிங் செக்ஷன். பஃபிங் என்றால் மற்றவன் பத்த வைத்ததை நாள் பூராவும் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பது. நான் சும்மா இருந்திருக்கலாம். மச்சான் காதில் விழட்டும் என்று டீக்கடையில் வைத்து, "இனிமே நானு டிக் வெல்டருங்க, கிரில் வேலையெல்லாம் சில்லறை வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீதி முழுக்கத் தெரியும். இனி பஃபிங்கில் நின்றால் அந்த டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா?

டிக் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. தெரியாதது நல்லது. வலது கையில் டார்ச். அதன் நுனியில் டங்ஸ்டன் ஊசி, அதைச் சுற்றிப் பீங்கான் கப். கப்புக்குள்ளிருந்து ஆர்கான் காஸ் வரும். ஊசியிலிருந்து நெருப்பு பாயும், தகடு உருகிக் குளம் மாதிரி நிற்கும். இடது கையில் ஃபில்லர் கம்பி. அதை அந்தக் குளத்தின் ஓரத்தில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். காஸ் எதற்கு என்றால், உருகின இடத்தில் வெளிக்காற்று படாமல் காப்பதற்கு. காற்று பட்டால் ஊசி ஓட்டை விழும். ஊசி ஓட்டையில் பால் தங்கும், தங்கின பால் புளிக்கும், ஒரு லோடு பாலையே கெடுத்துவிடும். அதனால்தான் அறுத்துப் பார்க்கிறார்கள்.

முதல் வாரம் ஊசியைக் குளத்தில் முக்கிக்கொண்டே இருந்தேன். பதினாறு வருஷம் ஆர்க் பிடித்த கை. அதில் கம்பி தானே கரையும், நாம் தள்ளிக்கொண்டே போவோம். இதில் ஊசி தொடவே கூடாது. தொட்டால் நுனியில் கட்டி ஒட்டிக்கொள்ளும், நெருப்பு சிதறும், திரும்பச் சாணை பிடிக்க வேண்டும். ஸ்டோரில் ஷபீர் பாய் ஊசியை எடுத்துக் கொடுக்கும்போது, "ஏனுங்க நாச்சிமுத்து, வெல்டிங் பண்றீங்களா, கடிச்சுத் தின்றீங்களா?" என்பார். அவர் விளையாட்டுக்குத்தான் சொல்வார். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி. என்னைவிட நாலு வயசு இளையவர். குறை சொல்ல மாட்டேன், எல்லாம் காட்டிக் கொடுத்தார். ஊசியைப் பென்சில் மாதிரி நீளவாக்கில் சீவு, குறுக்கே சீவாதே. ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊசி கனம்தான் இடைவெளி. கம்பியை வெறும் கையால் தொடாதே, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உறையோடு பிடி, எண்ணெய், வியர்வை, தூசு எதுவும் ஆகாது. ஒன்றரை மில்லி தகட்டுக்கு ஐம்பது அறுபது ஆம்பியர் போதும். காஸ் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர். முடிக்கும்போது டார்ச்சை வெடுக்கென்று எடுக்காதே, நெருப்பு அணைந்த பிறகும் காஸ் கொஞ்ச நேரம் வரும், அது நிற்கிற வரைக்கும் அசையாமல் பிடி. எல்லாம் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒன்றும் புரியாமல் இல்லை. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். புரியாத ஆளுக்கு ஓட்டை விழுந்தால் சரி. புரிந்த ஆளுக்கு ஏன் விழுகிறது?

பூங்கோதைக்கு இருபத்தாறு வயசு. லால்குடிப் பக்கம். ஐடிஐ படித்து, வேறொரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். ஷெட்டில் நல்ல கை அவளுடையதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்ல கைக்காரி என் ஐந்தாம் மிஷின் பக்கத்தில் எதற்கு உட்கார்ந்தாள்? காலி மிஷின் ஒன்றாம் நம்பரும் இருந்தது. நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே அவள் ஆறில்தான் இருந்தாள் என்கிறார்கள். இருக்கட்டும். நான் வந்த பிறகு மாறிப் போயிருக்கலாமே?

ஆவணியில் ஒரு நாள். தொண்ணூறு ஆம்பியர் வைத்துவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஐம்பத்தைந்து. பக்கத்தில் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"அண்ணா, தகடு மெலிசுங்கண்ணா. தொண்ணூறு வச்சா பொத்துக்கும். அதான் கொறச்சேன்."

"என்ற மிஷின தொடச் சொல்லி உனக்கு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணா. தப்புதான். இனிமே தொடல."

உடனே ஒப்புக்கொண்டாள், பார்த்தீர்களா? பிடிபட்டதும் உடனே ஒப்புக்கொள்கிறவள் சாதாரண ஆள் இல்லை. அன்றிலிருந்து நான் மிஷின் குமிழ் மேல் ஒரு நூல் இழையைக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் எழுந்து போவேன். யாராவது திருப்பினால் நூல் விழும். ஒரு நாளும் விழவில்லை. ஆனால் ஓட்டை மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. நூலைத் தட்டாமல் திருப்பத் தெரிந்திருக்கிறது என்றால் எவ்வளவு பழக்கம் இருக்க வேண்டும்!

அப்புறம் காஸ். காற்று பட்டால்தானே ஓட்டை? அப்படியென்றால் காஸ் போதவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு ஆக்கினேன். ஓட்டை. பதினைந்து. ஓட்டை கூடியது. இருபது வைத்தேன். உஸ்ஸென்று சத்தம் ஷெட்டு முழுக்கக் கேட்டது, குளம் நடுங்கியது, ஓட்டை இன்னும் கூடியது. இவ்வளவு காஸ் விட்டும் போதவில்லை என்றால், நடுவில் எங்கேயோ போகிறது என்றுதானே அர்த்தம்? ஷபீர் பாய் வேறு, "ஒரு சிலிண்டரு மூணு நாளுக்கு வர மாட்டேங்குது, குடிக்கிறீங்களா?" என்றார். நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் யாரோ திறந்து விடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அப்போதுதான் அவர் பேச்சும் விளையாட்டு இல்லை என்று எனக்குப் பட்டது.

அவளும் வந்தாள். "அண்ணா, காஸ இவ்வளவு வேகமா விட்டீங்கன்னா அது கெடந்து சுத்தும். வெளிக்காத்தையும் சேத்து உள்ள இழுத்துக்கும். பத்துல வச்சுப் பாருங்க."

காற்று வராமல் இருக்கத்தான் காஸ். காஸை அதிகம் விட்டால் காற்று வருமாம். இதைச் சின்னக் குழந்தையிடம் சொன்னால் நம்புமா? என்னிடம் சொல்கிறாள். குறைக்கச் சொல்கிறவளுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு இருபத்திரண்டு வைத்தேன்.

ஒரு தடவை ஈஸ்வரமூர்த்தி வந்து பத்தில் வைத்து, பக்கத்திலேயே நின்று, "இப்பப் போடுங்க பாக்கலாம்" என்றார். போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நான் போட்டதிலேயே அதுதான் பீஸ். மீன் செதில் அடுக்கின மாதிரி வரிவரியாக, வைக்கோல் நிறத்தில், ஒரு கருப்புப் புள்ளி கிடையாது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்தேன், திரும்பக் குனிந்தேன். பதினாறு வருஷத்தில் ஒரு கேட்டைப் பார்த்தும் எனக்கு அப்படி இருந்ததில்லை. கண் கூசுகிறது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். "கை இருக்குதுங்க உங்களுக்கு" என்றார் அவர். அது ஒரு புதன்கிழமை. ஆக, கை இருக்கிறது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் நன்றாக வருகிறது, அவர் நகர்ந்தால் கெடுகிறது. அவர் நிற்கும்போது யாருக்குக் கை வைக்கத் தைரியம் வரும்?

அவர் போனதும் காஸை இருபதுக்கு ஏற்றிவிட்டேன். பின்னே, பாதுகாப்பு வேண்டாமா?

இன்னொன்று. அவள் முணுமுணுப்பாள். ஒவ்வொரு ஜாயிண்டு முடிக்கும்போதும், முகமூடிக்குள்ளிருந்து ஏதோ வாய்க்குள் சொல்வாள். மற்ற நேரம் சொல்ல மாட்டாள், முடிக்கும்போது மட்டும். மூன்றாம் மிஷின் கோபால்சாமியிடம் கேட்டேன். "காஸ் நிக்கற வரைக்கும் டார்ச்ச ஆட்டக்கூடாதுல்லீங்க, அதுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணுறா" என்றான். எண்ணுகிறதற்கு எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? நானெல்லாம் எண்ணுவதே இல்லை. நெருப்பு நின்றால் டார்ச்சை எடுத்துவிடுவேன், ஆர்க்கில் அப்படித்தான். முடிகிற இடத்தில் என் ஜாயிண்டு கருத்துப் போகும். அவள் முணுமுணுத்தாள் என்றால் அவளுடையது பளிச்சென்று இருக்கும், என்னுடையது கருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான்.

வீட்டில் மனைவி சரசுவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்கண்ணனையும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள். நீ யார் பக்கம் என்று மட்டும் கேட்டேன். அவள் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை விடிகாலையில் குலசாமி கோயிலுக்குப் போய் விபூதியும் சந்தனமும் குங்குமமும் வாங்கி வருவேன். ஷெட்டில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மிஷினுக்குச் சந்தனம் தெளிப்பேன். டார்ச் கப்பின் வாயோரத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஃபில்லர் கம்பியை ஒவ்வொன்றாக எடுத்து நுனியிலிருந்து அடிவரைக்கும் விபூதி இழுப்பேன். ஒரு கம்பியை விட மாட்டேன். மனசாரச் செய்வேன். புரட்டாசி முழுக்கச் செய்தேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு எல்லோரும்தான் வைத்தார்கள். ஈஸ்வரமூர்த்தி என்ன சொன்னார் தெரியுமா? "மிஷின் பாடி மேல எவ்வளவு வேணா வைங்க. டார்ச்சுலயும் கம்பிலயும் மட்டும் வேண்டாம்." மறுநாள் காலையில் அவளும் கோபால்சாமியும் மற்றவர்களும் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். சாமிக்கு வைத்ததை விடிந்ததும் துடைக்கிற ஆட்கள். எனக்கு மனசு வரவில்லை.

இப்போது கவனியுங்கள். வாரத்தில் எந்த நாளில் ஓட்டை அதிகம்? வெள்ளி. அதற்கடுத்து சனி. திங்கள் செவ்வாயில் கொஞ்சம் குறையும். புதன் வியாழனில் ரொம்பக் குறையும். திரும்ப வெள்ளி, திரும்ப ஓட்டை. நான் இதை வாரா வாரம் பார்த்தேன். ஏன் வெள்ளி? அன்றைக்குத்தான் எனக்குச் சாமி துணை இருக்கிறது. எனவே அன்றைக்குத்தான் அவளும் இரண்டு மடங்கு வேலை செய்தாக வேண்டும். உங்களுக்குக்கூட முகம் மாறுகிறது.

ஐப்பசியில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அதுவும் வெள்ளிக்கிழமைதான். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரோடும் போகிற மாதிரிப் போய், தகடு அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். என் கம்பியை எடுத்தாள். ஒரு பாட்டிலிலிருந்து எதையோ துணியில் ஊற்றி, என் கம்பியை நீளமாகத் துடைத்தாள். ஒன்று முடித்து அடுத்தது. நான் பாய்ந்துவிட்டேன்.

"என்னத்தத் தடவற?"

துணியைக் கீழே போட்டுவிட்டாள். "தடவலண்ணா. துடைக்கிறேன். அசிட்டோன்தான்."

"என்ற கம்பிய நீயேன் துடைக்கோணும்?"

"பூரா விபூதியா இருக்குண்ணா. அதோட போட்டா பொங்கும், ஓட்டை விழும். நீங்க போடறதுல ஓட்டைன்னு வந்ததையெல்லாம் நான்தான் அறுத்துட்டுத் திரும்பப் போட்டுட்டு இருக்கேன். ரெண்டு மாசமா. என் வேலையையும் பாத்துட்டு இதையும் பாக்கணும். உங்ககிட்டச் சொன்னா கோச்சுக்குவீங்க. அதான் நீங்க சாப்பிடப் போனப்போ…"

என் பீஸ் அவள் மேஜையில் கிடப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எதற்கு அங்கே போகிறது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் வாயாலேயே வந்துவிட்டது. சாமி விபூதியைத் துடைத்ததும் அவள் வாயாலேயே வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பாதிச் சாப்பாட்டோடு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"கற்பூரம் கொளுத்தறேன். அணைச்சுச் சத்தியம் பண்ணு, நீ ஒண்ணும் பண்ணலீன்னு" என்றேன்.

அவள் அழவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். சோற்றுக் கையோடு நின்ற ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தாள். "நான் எதுக்கு சார் சத்தியம் பண்ணணும்? இவரே ரெண்டு பீஸ் போடட்டும். நான் துடைச்ச கம்பில ஒண்ணு, துடைக்காத விபூதிக் கம்பில ஒண்ணு. காஸ பத்துல வச்சுட்டு நீங்க பக்கத்துல நில்லுங்க. அறுத்துப் பாத்துரலாம்."

கோபால்சாமி விசில் அடித்தான். எனக்கென்ன பயம்? போட்டேன். இரண்டும் ஒரே குழாய், ஒரே மிஷின், ஒரே ஊசி. ஈஸ்வரமூர்த்தி கைகழுவிவிட்டு வந்து இரண்டையும் அறுத்தார். சிவப்பு மையைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தார். ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் மை திரும்பக் கசிந்து வரும். அதுதான் கண்டுபிடிக்கிற வழி.

அவள் துடைத்த கம்பியில் போட்டது, வெள்ளை வெளேரென்று இருந்தது. விபூதிக் கம்பியில் போட்டது, சிவப்புப் புள்ளி சிவப்புப் புள்ளியாக வரிசையாக எழும்பி வந்தது.

"அண்ணா, பொட்டு வச்சுக்கிட்டு என்ன அழகா இருக்குது பாருங்க" என்றான் கோபால்சாமி. "காஸே வேண்டாம், இனிமே சாம்பிராணி போட்டு வெல்டிங் பண்ணலாம்" என்றான் இன்னொருத்தன். ஷபீர் பாய்கூட மீசையைத் தடவுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒருத்தனாவது யோசித்தானா? அவள் கை பட்ட கம்பி நன்றாக வந்தது. அவள் கை படாத கம்பி ஓட்டை விழுந்தது. எல்லோரும் பார்க்க, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அவள் தொட்டால் பிழைக்கும், தொடாவிட்டால் கெடும் என்று அவளே செய்து காட்டிவிட்டாள். நான் அதைச் சொன்னதும் ஒவ்வொருத்தராகச் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி மைத் துணியை மடித்து வைத்தார். "சாப்பிட்டு வாங்க நாச்சிமுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பதில் இல்லாத ஆள் அப்படித்தான் சொல்வார்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் அவரிடம் போய், "என்னை ஒண்ணாம் நம்பருக்கு மாத்திருங்க சார். பக்கத்துல உக்காரப் பயமா இருக்கு" என்றாளாம். பயமாம்! கேட்டீர்களா? தப்பு செய்யாதவளுக்கு எதற்குப் பயம்? மறுநாளே மாற்றிவிட்டார். ஷெட்டின் அந்தக் கோடி. ஆறாவது மிஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டார்கள். போகிற முன்னால் என் மேஜைக்கு வந்து, பாட்டிலையும் ஒரு புதுத் துணியையும் வைத்துவிட்டு, "கம்பிய மட்டும் துடைச்சிருங்கண்ணா. கை நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. குச்சியால் தள்ளி மேஜைக்கு அடியில் விட்டேன்.

அவள் தள்ளிப் போன பிறகு ஓட்டை நின்றதா என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியேதான். அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான், நடுவில் மூன்று மிஷின். அவளுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

உங்களுக்குப் பெருந்துறையில் யார் வீடு? சொந்தக்காரரா? லால்குடிப் பக்கம் யாரும் இல்லையே? சும்மா கேட்டேன்.

டெஸ்டைச் சொல்கிறேன், ஸ்டாப் வந்துவிடும். தீபாவளி முடிந்து அந்த வாரமே வைத்தார்கள். பால் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நான் அந்த வாரம் இரண்டு வேளை குளித்தேன். வெள்ளிக்கிழமை குழாயை ஜாயிண்டு போட வேண்டும், சனிக்கிழமை அறுப்பார்கள். ஈஸ்வரமூர்த்தி தன் கையாலேயே என் கம்பியைத் துடைத்துக் கொடுத்தார். காஸைப் பத்தில் வைத்தார். ஊசியைச் சீவிப் பார்த்துக் கொடுத்தார். "புதன்கிழமை போட்டீங்கல்ல, அதே மாதிரி. முடிக்கறப்ப அஞ்சு எண்ணுங்க. வேற ஒண்ணுமே வேண்டாம்" என்றார். நல்ல மனுசன். யார் யாரோ பேச்சைக் கேட்டுவிட்டார், அதுதான் குறை.

இன்ஸ்பெக்டர் அவரை ஏதோ கேட்கக் கூப்பிட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் சட்டைப் பையில் வைத்திருந்த விபூதியை மூன்று விரலில் தொட்டு, கம்பி நெடுக ஒரே இழுப்பு இழுத்தேன். கப்பின் ஓரத்தில் ஒரு துளி சந்தனம். காஸ் ரெகுலேட்டரை இருபதுக்குத் திருப்பினேன். குலசாமியை நினைத்துக்கொண்டு முகமூடியை இறக்கினேன். ஊசி ஒரு தடவைகூட குளத்தைத் தொடவில்லை. அவ்வளவு சீராக என் வாழ்க்கையில் நான் டார்ச்சை நகர்த்தினதில்லை. ஆறாவது மிஷின் மூடிக் கிடக்கிறது, பக்கத்தில் ஆள் கிடையாது, இன்றைக்கு என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். முடித்ததும் டார்ச்சை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

கண்டக்டர், சிப்காட் ஒண்ணு இருக்குது, நிறுத்திருங்க.

நவம்பர் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, என் குழாயை அறுத்து மை போட்டார்கள். ஏழு ஓட்டை. பூங்கோதை அந்த வாரம் முழுக்க லீவு, லால்குடியில் அவள் தம்பிக்குக் கல்யாணம்.